உலகம்மாளின் சிரிப்பு

ஜூன் 3, செவ்வாய்

காலையில் ரேஷன் கடை. பருப்பு உண்டு, பாமாயில் இல்லை. வீட்டுக்கு வந்து நாயனத்துச் சீவாளிகளை ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெட்ராஸிலிருந்து போன் வந்தது. ரெஹானா என்று ஒரு பெண். ஆவணப்படம் எடுக்கிறாளாம். போன வருஷம் ஆடியில் கயத்தாறு பக்கம் காற்றாலைப் பொட்டலில் ஒரு பாட்டுத் திருவிழா நடத்தி அலங்கோலமாக்கினார்களே, அதைப் பற்றிய படம்.

"நாதஸ்வரம் ஆவுடைத்தங்கம் அம்மாதானே பேசறது?" என்றாள்.

"கோவில்பட்டியில இன்னொரு ஆவுடைத்தங்கம் இருந்தா சொல்லு, நானும் பாக்கணும்" என்றேன். சிரித்தாள். சிரிக்கத் தெரிந்த பெண்ணாக இருந்தால் பேசலாம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று ஊரெல்லாம் பேசிவிட்டது. செல்போன்களெல்லாம் பேசிவிட்டன. எங்கள் வீட்டுப் படியேறி வந்து, 'நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள்?' என்று கேட்டவர் ஒருவர் கிடையாது. நாங்களாகப் போய்க் கூவிக்கொண்டிருக்க எங்களுக்கு என்ன தலையெழுத்தா? இப்போது கேட்கிறார்கள், சொல்லப் போகிறேன். பச்சைப் பட்டா, அரக்குப் பட்டா என்பதுதான் யோசனை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் குழுவில் தாளம் போடுகிறவர் அவர். வீட்டிலும் நான் எதைச் சொன்னாலும் தாளம்தான். இன்றைக்கு மட்டும், "உலகுகிட்ட கேட்டியா?" என்றார். உலகு எங்கள் மகள், உலகம்மாள். அவளிடம் எதற்குக் கேட்க வேண்டும்? பேட்டி என்னிடம்தானே.

ஜூன் 5

சிலிண்டர் வந்தது. இடுப்பு வலி.

ஜூன் 8, ஞாயிறு

சாத்தூரில் முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்பிலேயே கூட்டம் என்னைச் சுற்றி நின்றுவிட்டது. மாப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. பெண்ணின் தாய்மாமன் வந்து, "அம்மா, கொஞ்சம் கொறைச்சு வாசிங்க, தாலி கட்டுறத யாரும் கவனிக்க மாட்டாக போலுக்கே" என்றார். இதைவிட ஒரு சர்டிபிகேட் வேண்டுமா?

வெயிலுமுத்து தவில் வாசித்தார். கழுகுமலைக்காரர். உலகு தவிலை இறக்கி வைத்ததிலிருந்து அவர்தான் வருகிறார். கை சுத்தம், குடியில்லை, நேரத்துக்கு வருவார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நான் எங்கே மூச்சை இழுத்து நிறுத்தப் போகிறேன் என்பது அவருக்குத் தெரிவதில்லை. ஒரு நூலிழை பிந்தி வருகிறார். உலகுக்கு அது எனக்கு முன்பே தெரியும். போகட்டும், பாயசம் நன்றாக இருந்தது.

உலகு இப்போது மெயின் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் நிற்கிறாள். காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி வருவாள். "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "நாளைக்கு லீவா", "இல்ல". அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ராத்திரி வார் பிடித்தேன். தவிலின் வாரை இழுத்துக் கட்டவில்லை என்றால் தோல் சொதசொதவென்று ஆகிவிடும். வெயிலுமுத்து என்றைக்காவது தவில் இல்லாமல் வந்து நின்றால் உதவும்.

ஜூன் 12, வியாழன்

அரக்குப் பட்டுதான். ரெஹானா கண்ணாடி போட்ட, சுறுசுறுப்பான பெண். முப்பது வயதிருக்கும். கூட ஒரு கேமராக்காரர். வந்ததும் வராததுமாக என் வீட்டு டியூப் லைட்டை அணைத்துவிட்டுத் தன் லைட்டைப் போட்டார். நல்ல வெளிச்சம். என் மூக்குத்தி எனக்கே தெரிந்தது.

எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஆடிக் காற்றில் கயத்தாற்றுப் பொட்டலில் துணி காயப்போடவே யோசிப்போம். அவர்கள் மூன்று மாடி உயரத்துக்குத் திரை கட்டியிருந்தார்கள். பெங்களூர், மெட்ராஸ், திருவனந்தபுரம் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள். நாங்கள் வரவேற்பு மேளம். கிழக்கு வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு வாசிக்க வேண்டும். பிள்ளைகள் எங்களோடு செல்பி எடுத்தார்கள். வாசித்து முடித்து மேற்குப் பக்கம் வேனுக்குப் போய் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அங்கேயும் ஒரு வாசல் உண்டு. காற்றாடி இறக்கை ஏற்றிய லாரி நுழைகிற பெரிய வாசல். விரியத் திறந்து கிடந்தது.

வெயில் இறங்காத நேரம். முதலில் திரை கிழிந்தது. பிறகு இரும்புக் கம்பிகள் மேடை மேல் சரிந்தன. கரண்டை அணைத்துவிட்டார்கள், அது சரியான வேலைதான். ஆனால் மைக்கும் போய்விட்டது. செம்மண் எழுந்து ஆளுக்கு ஆள் தெரியவில்லை. எல்லாரும் வந்த வழியே ஓடினார்கள். கிழக்கு வாசலில் இரும்புத் தடுப்பு வைத்து ஒருவர் பின் ஒருவராக விட்டிருந்தார்கள். அதில் போய் அத்தனை பேரும் முட்டினால் என்னாகும்? எங்கள் பக்கம் காவலுக்கு நின்ற பையன்கள், "மேக்க வாங்க, மேக்க வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

நாயனத்துக்கு மைக் வேண்டாம். தவிலுக்கும் வேண்டாம்.

திருவிழாவில் சாமி எந்தத் தெருவில் வருகிறது என்று கூட்டத்துக்குத் தெரியாது. மேளம் கேட்கிற பக்கம் திரும்பும். மேளம் நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும். சப்பரம் எந்த வேகத்தில் வர வேண்டும் என்பதை நாங்கள்தான் வாசித்துச் சொல்கிறோம். அந்தப் பிள்ளைகள் ஜீன்ஸ் போட்டிருந்தாலும் ஏதோ ஒரு ஊர்த் திருவிழாவில் அப்பா தோளில் உட்கார்ந்து வந்தவர்கள்தானே. கூட்டத்துக்குள் போனோம். மல்லாரி வாசித்தோம், சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. அதைக் கேட்டுக்கொண்டு ஓட முடியாது, நடக்கத்தான் முடியும். வாசித்தபடியே பின்னால் நடந்தோம். சாமிக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாக நடப்பது எங்களுக்குப் பழக்கம். கூட்டம் திரும்பியது. எங்கள் முகத்தைப் பார்த்தபடி, லாரி வாசல் வழியாக, மூன்று தடவை போய்ப் போய் அழைத்து வந்தோம். எலும்பு முறிந்தவர்கள் உண்டு. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

"யாருக்கும்மா முதல்ல தோணுச்சு?" என்று ரெஹானா கேட்டாள்.

"நாயனம்தான் முன்ன போகும். மத்தது பின்ன வரும்" என்றேன். தாளக்காரர் செருமினார். தூசி.

பிறகு அந்தப் பாழாய்ப்போன துண்டு வீடியோவைப் பற்றிக் கேட்டாள். அதில் எங்கள் குழுவில் என் மகள் மட்டும்தான் இருக்கிறாள். தவிலை அடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். ஓரத்தில் ஒரு பெண் நெற்றியில் ரத்தத்தோடு வருகிறாள். அவ்வளவுதான் வீடியோ. வாசலும் இல்லை, நடந்து வந்த கூட்டமும் இல்லை. மேலே ஒரு குத்துப்பாட்டை ஒட்டி, 'அங்கே ரத்தம், இங்கே ஆட்டம்' என்று எவனோ போட்டுவிட்டான். எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. கீழே எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. உலகு எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தாள். ராஜபாளையத்தில் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. அவள் தவிலுக்கு உறை போட்டுக் கட்டிப் பரண் மேல் வைத்துவிட்டு வேலை தேடிப் போனாள்.

ரெஹானா கிளம்பும்போது ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். என்னை எப்படி வேண்டுமானாலும் காட்டு. என் மகள் முகமும் பேரும் படத்தில் வரக் கூடாது. ஒரு தடவை பட்டது போதும்.

"அவங்ககிட்ட நான் ஒரு வார்த்தை பேசலாமா?"

"நான் பெத்தவ. நான் சொன்னா போதும்."

யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். சரியாகச் செய்தேன் என்றே நினைக்கிறேன். எந்தத் தாயும் இதைத்தான் செய்வாள்.

ஜூன் 13

தரகர் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு இடமாம். பையன் வங்கியில் இருக்கிறான். "வீடியோ விஷயம் அவுக காதுக்குப் போகல. அப்பிடியே அமுக்கிருவோம்" என்றார். பார்த்தீர்களா, நான் நேற்றுப் போட்ட கண்டிஷன் எவ்வளவு சரி!

ஜூன் 22, ஞாயிறு

எட்டயபுரத்தில் சடங்கு வீடு. வயசுப் பெண் ஒருத்தி ஓடி வந்து, "ஆன்ட்டி, அந்தச் சிரிச்ச தவில் அக்கா உங்க ட்ரூப்தானே? இன்னைக்கு வரலயா?" என்றாள். கேலியா, நிஜமாகவே கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை. "போய்ச் சாப்பிடு" என்றேன். அதற்கப்புறம் வாசிப்பு சரியில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

ஜூலை 4

உலகுக்குக் கடையில் போனஸ் மாதிரி ஏதோ கொடுத்தார்களாம். எனக்கு ஒரு சேலை எடுத்து வந்தாள். கனகாம்பர நிறம். வாங்கி வைத்தேன். அவள் கை விரல்களைப் பார்த்தேன். காய்ப்பெல்லாம் உதிர்ந்து வெள்ளரிப் பிஞ்சு போல் ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19

ஆடி பிறந்தாயிற்று. கல்யாணம் இல்லை, கோயில்கள் உண்டு. வார் பிடித்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "வெயிலுமுத்து அவரு தவிலத்தான கொண்டாராரு?" என்றார். பேச்சு வளர்க்க நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

ரெஹானா மதியம் வந்தாள். படம் முக்கால்வாசி முடிந்துவிட்டது, நீங்கள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்று லேப்டாப்பை என் வீட்டு மேஜையில் வைத்தாள். நானும் அவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஜன்னலைச் சாத்தினோம்.

நன்றாகத்தான் எடுத்திருக்கிறாள். நடத்தியவர்கள் பேசுகிறார்கள், ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள். கரண்ட் வேலை பார்த்தவர் தலையைக் குனிந்துகொண்டு பேசுகிறார். நான் வருகிறேன். அரக்குப் பட்டு அருமையாக விழுந்திருக்கிறது. அதில் குறையில்லை.

பிறகு ஒரு காட்சி. அன்றைக்குக் காற்றாடி ஒன்றின் மேலே ரிப்பேர் பார்க்க ஏறியிருந்த ஒருவர் தன் போனில் எடுத்தது. இதை இவள் எங்கேயிருந்து பிடித்தாளோ தெரியாது. மேலேயிருந்து பார்த்தால் பொட்டல் முழுக்கச் செம்மண் புகை. கிழக்கே கூட்டம் அப்பிக்கொண்டு நிற்கிறது. மேற்கேயிருந்து எறும்பளவில் நாலைந்து பேர் உள்ளே போகிறார்கள். கூட்டத்தின் வால் மெல்லத் திரும்புகிறது. பிறகு இடுப்பு திரும்புகிறது. பிறகு முழுக் கூட்டமும் அந்த எறும்புகளுக்குப் பின்னால் நடக்கிறது. நாங்கள்தான் அது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பிறத்தியார் முன்னால் அவர் என் கையைப் பிடித்ததில்லை.

அந்தக் காட்சியில் உலகு எனக்கு முன்னால் போவது போலத் தெரிகிறது. நான் நாலு எட்டுப் பின்னால் நிற்பது போலவும், அவள் திரும்பிப் பார்த்து என்னைக் கூப்பிடுவது போலவும். அவ்வளவு உயரத்திலிருந்து எடுத்தால் அப்படித்தான் கோணலாகத் தெரியும்.

அப்புறம் அந்தப் பெண் வந்தாள், நெற்றியில் ரத்தத்தோடு வந்தாளே, அவள். பெயர் அஜிதா. நாகர்கோவிலில் காலேஜ் படிக்கிறாள். புருவத்துக்கு மேல் இன்னும் தழும்பு இருக்கிறது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குக் காலு நகரல. இங்கயே உக்காந்திருவோம்னு நெனச்சேன். உக்காந்திருந்தா என்னை மிதிச்சிருப்பாங்க. அப்போ மேளம் கேட்டுச்சு. ஒரு அக்கா தவில் அடிச்சிட்டு என்னையே பாக்காங்க. என் நெத்தியில ரத்தத்தப் பாத்தாங்க. பாத்துட்டுச் சிரிச்சாங்க. ஒண்ணும் இல்ல வா, வான்னு சொல்லுத மாதிரி. நான் அந்த மூஞ்சிய மட்டும்தான் பாத்தேன். வேற எதையும் பாக்கல. அந்த மூஞ்சி பின்னால போகப் போக நானும் நடந்துட்டே இருந்தேன். வாசலுக்கு வெளிய வந்து கூட்டம் கலைஞ்சப்புறம்தான் அந்த அக்கா சிரிப்ப நிறுத்துனாங்க. நிறுத்திட்டு என்னக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க."

அவள் பேசப் பேச, அந்த வீடியோ ஓடுகிறது. வெட்டாத, முழு வீடியோ. அஜிதாவின் தோழி எடுத்ததாம். கூட்டம் இருக்கிறது, வாசல் இருக்கிறது, நான் ஓரத்தில் இருக்கிறேன், வாரில் தொங்குகிற தவில் இருக்கிறது, அடிக்கிற கை இருக்கிறது.

கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. சட்டியில் ஒட்டிய மாவைத் துடைத்தாற்போல ஒரு பழுப்புத் தீற்றல். அஜிதா, 'அந்த மூஞ்சிய மட்டும்தான் பாத்தேன்' என்கிறாள். திரையில் மூஞ்சி இல்லை.

ரெஹானா மேல் தப்பில்லை. நான் சொன்னதை அவள் செய்திருக்கிறாள்.

அப்போதுதான் உலகு வாசலில் நிற்பதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை மதியத்தோடு முடியும் என்பதை மறந்துவிட்டேன். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கையில் டிபன் தூக்கு.

"என் மூஞ்சிய யாரு அழிச்சது?" என்றாள்.

ரெஹானா என்னைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"நாந்தான் சொன்னேன். உன் நல்லதுக்குத்தான்" என்றேன்.

"நியூஸ்ல மூஞ்சிய மறைச்சு யாரக் காட்டுவாக? களவாண்டவனையும் கொலை செஞ்சவனையும்தான காட்டுவாக. நான் என்ன செஞ்சேன்?"

"ஏட்டி, அதுக்கில்ல..."

"அவுக எழுதுனதக்கூடத் தாங்கிக்கிட்டேன். அவுகளுக்கு என்னத் தெரியாது. நீ என் பக்கத்துல நின்ன."

சத்தம் போடவில்லை. தூக்கைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரெஹானா காப்பி வேண்டாம் என்று கிளம்பிவிட்டாள்.

ஜூலை 28

பேசவில்லை.

ஜூலை 29

பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு மட்டும் வீம்பு இல்லையா?

ஜூலை 31, வியாழன்

இட்லி ஊற்றினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். இந்த மனிதர் வருஷத்துக்கு இரண்டு பேச்சுப் பேசுவார், அதில் ஒன்று இது.

"ஏ தங்கம், அன்னைக்கு நான் எல்லாத்துக்கும் பின்னால நின்னேன். தாளக்காரன் பின்னாலதான நிப்பான். எனக்கு எல்லாம் தெரிஞ்சிச்சு. யாரு மொதல்ல போனாகன்னு நான் உங்கிட்ட என்னைக்காச்சும் கேட்டேனா? கேக்க மாட்டேன். ஆனா அந்தப் புள்ள ஒருத்தரும் கேக்காமலே ஒரு வருஷம் இருந்துட்டா."

இட்லி கல்லாக இருந்தது என்று எழுந்து போய்விட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

ஆகஸ்ட் 2

ரெஹானாவுக்கு நானே போன் போட்டேன். முகத்தைப் போடு, பெயரையும் போடு, நான் சொன்னதெல்லாம் வாபஸ் என்றேன்.

"அம்மா, ஜூன்லயே அவங்ககிட்ட நான் கேட்டிருக்கணும். நீங்க சொன்னது போதும்னு விட்டது என் தப்பு. இந்தத் தடவை அவங்க சொன்னாத்தான் போடுவேன்" என்றாள்.

மெட்ராஸ்காரிக்கு எவ்வளவு பிடிவாதம்! ஆனால் அவள் சொல்வது சரி. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அவள் முகம் அவளுடையது. இது எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை என்று என் மேலேயே கோபமாக வருகிறது.

உலகு ராத்திரி வந்ததும், ரெஹானா நம்பரை ஒரு தாளில் எழுதி அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "உன் இஷ்டம்" என்றேன்.

ஆகஸ்ட் 3

தாள் அங்கேயே கிடந்தது. சாம்பார் பட்டுவிட்டது.

ஆகஸ்ட் 5

தாளைக் காணோம். குப்பையிலும் பார்த்தேன், இல்லை.

ஆகஸ்ட் 6

தரகர் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பெண் பார்க்க வருகிறார்களாம். "படம் ஒண்ணு வருது. அதுல எங்க புள்ள மூஞ்சி வந்தாலும் வரும். அவ இஷ்டம். அதையும் சொல்லிக் கூட்டிட்டு வாரும்" என்றேன். "அதெதுக்கு இப்ப?" என்று இழுத்தார். "மூஞ்சி தெரிஞ்சா வேண்டாம்ங்கிறவுகளுக்கு எங்க வீட்டுக் காப்பி எதுக்கு?" என்றேன். பாதிக் காப்பியில் எழுந்து போய்விட்டார். உள் அறையில் உலகு இருந்தாள். அவள் காதில் விழட்டும் என்று நான் ஒன்றும் சத்தமாகப் பேசவில்லை. என் தொண்டையே அப்படித்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ரெஹானாவும் கேமராக்காரரும் வந்தார்கள். உலகுதான் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. நான் நைட்டியோடு வாசலில் நின்றேன்.

"அம்மா இருந்தா நான் பேச மாட்டேன்" என்றாள் உலகு.

சரி என்று மொட்டை மாடிக்கு மிளகாய் காயப்போடப் போனேன். காற்று பிய்த்து எறிகிறது. மிளகாயை ஒரு பக்கம் பரத்தினால் மறுபக்கம் ஓடுகிறது. கீழே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் முயலவில்லை. ஒரு தடவை மட்டும் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்துத் தவில் சத்தம் கேட்டது. முதலில் இடந்தலையில் கம்பால் ஒரே ஒரு அடி. பிறகு வலந்தலையில் விரல். அது வெயிலுமுத்து கையில்லை. இந்தத் தெருவில் அந்தக் கை யாருக்கும் கிடையாது. இந்த ஜில்லாவிலேயே கிடையாது. மிளகாய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு மாடிக்கு வந்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

"ஒரு வருஷமா பரண்ல கெடந்த தவிலு. வாரு எப்பிடி இவ்வளவு இறுக்கமா இருக்கு?" என்றாள்.

"எலி இழுத்துக் கட்டியிருக்கும்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பிறகு இரண்டு பேரும் மிளகாய் நெடி தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆவணி முகூர்த்தம், விளாத்திகுளம். உலகு வரவில்லை. கடையில் மாசம் முடிகிற வரைக்கும் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாளாம், வாக்குக் கொடுத்தால் நிற்க வேண்டும்தானே. அப்புறம் வருவாளா என்று நான் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குள் தவில் சத்தம் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, மறுபடி ஆரம்பிச்சாச்சா?" என்றாள். "ஏன், காதுக்குக் கஷ்டமா இருக்கா?" என்றேன். வெயிலுமுத்துவிடமும் சொல்லிவிட்டேன். அவர் பெரிய மனசுக்காரர். "அந்தப் புள்ள வந்தா நான் எந்திரிச்சு எடம் விடுதேன்" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எங்கள் ஊர்க் காலேஜ் அரங்கில் படம் போட்டார்கள். கனகாம்பர நிறச் சேலை கட்டினேன். பின் வரிசையில் உட்கார்ந்தோம். முன்னால் கூப்பிட்டார்கள், உலகு மாட்டேன் என்றாள். அரங்கம் நிரம்பி, பிள்ளைகள் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் துண்டு வீடியோவைப் பார்த்தவர்கள் இவர்களில் எத்தனை பேரோ. கீழே கண்டபடி எழுதியவனும் உள்ளே இருக்கலாம். இருக்கட்டும், பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். உலகுவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காற்றாடி மேலிருந்து எடுத்த காட்சி வந்தது. இவ்வளவு பெரிய திரையில் எறும்புகள் ஆட்களாகிவிட்டார்கள். யார் முதலில் போகிறார்கள் என்பது நன்றாகவே தெரிந்தது. கோணல் ஒன்றும் இல்லை.

அஜிதா பேசினாள். 'அந்த மூஞ்சிய மட்டும்தான் பாத்தேன்' என்றாள். திரை முழுக்க என் மகள் வந்தாள். புழுதி அப்பிய முகம், ஒட்டிக்கொண்ட முடி, வியர்வை, மூக்குத்தி. கண்ணில் பயம் அப்பட்டமாக இருக்கிறது. அதற்குக் கீழே அந்தச் சிரிப்பு. வா, வா என்று கூப்பிடுகிற சிரிப்பு. அது மெல்லப் பின்னால் போகிறது, நானே எழுந்து அதன் பின்னால் போய்விடுவேன் போல இருந்தது.

பிறகு உலகு பேசுவதைக் காட்டினார்கள், அன்றைக்கு என்னை மாடிக்கு அனுப்பிவிட்டுப் பேசியது. "ஏன் சிரிச்சீங்க?" என்று ரெஹானா கேட்கிறாள். "சாமி பொறப்பாட்டுல எங்கம்மா எனக்கு மொதல்ல சொல்லிக் குடுத்தது அதுதான். பின்னால நடக்கும்போது கீழ பாக்காத, மூஞ்சியச் சுளிக்காத, உன் மூஞ்சியப் பாத்துத்தான் சப்பரம் தூக்குறவுக நடக்காகன்னு சொல்லும். அன்னைக்கு அந்தப் புள்ளைகதான் சப்பரம்" என்கிறாள்.

நான் சொல்லிக் கொடுத்ததாம். எனக்கு நினைவே இல்லை. நான் அழுதேன். மறைக்கவில்லை, வெங்காயமும் இல்லை மிளகாயும் இல்லை.

படம் முடிந்து விளக்குப் போடும் முன்பே கைதட்டல். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பினார். எங்களை அடையாளம் தெரியவில்லை, இருட்டு.

"அந்தத் தவில்காரப் பொண்ணு யாரு, இந்த ஊரா?" என்றார்.

"எம் மவ. தவில் உலகம்மாள்" என்றேன். நாலு வரிசைக்குக் கேட்டிருக்கும்.

"ஓரத்துல நாயனம் வாசிச்சுக்கிட்டு ஒரு அம்மா வந்தாகளே, அது யாரு?"

"அது யாரோ, எம் மவ கூட வாசிக்க வந்தவுக" என்றேன்.